வலது பதினாறு, இடது பதினைந்து

என் அப்பாவின் கண் அழுத்தம் வலது பதினாறு, இடது பதினைந்து என்று எழுதியவள் நான்தான். எழுதியவள், அளந்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையை அப்படி இப்படிச் சுற்றிக்கொண்டுபோய் என்னை நல்லவளாக்கிவிடுவேன். அந்தக் கெட்டித்தனம் எனக்கு நிறையவே இருக்கிறது.

அப்பாவின் பெயர் ஸ்ரனிஸ்லாஸ். வயது ஐம்பத்தாறு. பீலெஃபெல்ட் நகரத்தில் பார்சல் வான் ஓடுகிறவர், டிரைவர். ஒரு நாளைக்கு நூற்றெண்பது பார்சல், நூற்றெண்பது மாடிப்படி. நான் அஞ்சலா, ஒரே பிள்ளை. ரயிலில் நாலு மணித்தியாலத் தூரத்தில் இன்னொரு நகரத்தில் ஒப்டோமெட்ரி படிக்கிறேன். கண்ணைச் சோதித்து, கண்ணாடிக்கு அளவெடுத்து, ஏதும் பிழையாகத் தெரிந்தால் கண் டொக்டரிடம் போகச் சொல்வது எங்கள் வேலை. நோய்க்குப் பெயர் சொல்லக்கூட இந்த நாட்டில் எங்களுக்கு உரிமை இல்லை. இதை அப்பாவுக்கு நூறு தரம் சொல்லியிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"என்ர மகள் கண் டொக்டருக்குப் படிக்கிறாள்."

"டொக்டர் இல்லை அப்பா."

"ஓம் ஓம், டொக்டர் மாதிரி."

மாதத்தில் ஒருமுறை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் நிற்கிற சனத்தைவிட என்னைச் சுற்றி நிற்கிற சனம் கூடுதல். "டொக்டரைப் பாக்க டெர்மின் கேட்டா ஏழு மாசத்துக்குப் பிறகு வரச் சொல்லுறாங்கள் பிள்ளை, நீ ஒருக்காப் பாத்துச் சொல்லன்" என்று இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கருவி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பேன். "பாத்தியளோ, இவ்வளவு படிச்சும் ஒரு பெருமை இல்லை" என்பார்கள். சத்தியமாக அது அடக்கம் இல்லை. உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படிச் சொல்லக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் ஏன் மறைப்பான்.

மூன்றாவது செமஸ்டரில் ஒவ்வொருவரும் வெளியிலிருந்து இருபது பேரைக் கூட்டிவந்து முழுதாகச் சோதித்துப் பதிவுத்தாள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பத்தொன்பது பேர் சரிவந்துவிட்டது. இருபதாவது ஆள் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டான். தாள் கொடுக்க வேண்டிய நாள் மறுநாள், பின்னேரம் நாலு மணி. அப்பாவுக்குப் போன் அடித்தேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு விடியவே வெளிக்கிட்டு வந்துவிட்டார். வெறுங்கையோடு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அம்மா இரவோடு இரவாக உருட்டிப் பொரித்த அறுபது ரோல்ஸோடு வந்தார்.

"ஒரு இடத்துக்குப் போகேக்கை வெறுங்கையோட போறதே? உன்ர வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் சாப்பிடட்டும்."

சோதனைக்கூடத்துக்குள் சாப்பாடு கூடாது. ஆனபடியால் எல்லோரையும் வெளி நடைபாதைக்குக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்து, பேப்பர் துண்டில் ஆளுக்கு இரண்டு கொடுத்தார். உறைப்பில் கண்ணீர் வந்த பெடியனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பேராசிரியர்கூட மூன்று சாப்பிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. தன் பிள்ளை படிக்கிற யூனிவேர்சிற்றியில் தான் விருந்து வைக்கிற பெருமை. நானும் பூரித்துப்போய் நின்றேன், மணிக்கூட்டைப் பார்க்காமல்.

கண் அழுத்தம் அளக்கிற கருவி எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். தாடையை வைத்துக்கொண்டிருந்தால் கண்ணில் 'புஸ்' என்று காற்று ஊதும், நம்பர் வரும். அரை மணித்தியாலத்துக்கு ஓர் ஆள் என்று பெயர் எழுதிவைத்துத்தான் பாவிக்கலாம். ரோல்ஸ் முடியும்போது என் அரை மணித்தியாலமும் முடிந்திருந்தது. அடுத்த ஆள் தன் அம்மாவோடு வந்து கதிரையில் இருந்துவிட்டாள். அவளிடம் ஐந்து நிமிடம் கேட்டிருக்கலாம். அவள் வாயிலும் எங்கள் ரோல்ஸ்தான் இருந்தது, மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாள். கேட்க எனக்குப் பஞ்சியாக இருந்தது, வெறும் சோம்பல்.

மற்றச் சோதனைகளைச் செய்தேன். எழுத்து அட்டையில் அப்பா கடைசி வரி வரை வாசித்தார். "இன்னும் சின்ன எழுத்து இல்லையோ?" என்று சவால் வேறு. அப்படி வாசிக்கிற மனிசனுக்குக் கண்ணில் என்ன வந்துவிடப்போகிறது? பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் இருந்தால் நல்ல அழுத்தம். பதினாறு என்று போட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே நம்பர் போட்டால் சந்தேகம் வரும் என்று இடது கண்ணுக்குப் பதினைந்து போட்டேன். களவிலும் ஒரு நேர்த்தி. மூன்றே முக்காலுக்குக் கொடுத்தேன். நல்ல புள்ளி வந்தது.

அத்தோடு விட்டேனா? தாளின் பிரதி ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். அதை நாலாக மடித்து, லைசென்ஸோடு சேர்த்துப் பேர்ஸில் வைத்தார். பூசைக்குப் பிறகு மண்டபத்தில் எடுத்து விரித்துக் காட்டுவார். அம்மா, பெயர் பிளோறன்ஸ், முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறவர். அங்கே ஒருவரிடம் கெஞ்சி, அப்பாவுக்குக் கண் டொக்டரிடம் ஒரு டெர்மின் எடுத்து வைத்திருந்தார். அப்பாவின் சித்தப்பா குருடாகிச் செத்தவராம், அந்தப் பயம் அம்மாவுக்கு. சித்தப்பாவின் கதையை அப்பா எனக்குச் சொன்னதே இல்லை. குடும்பத்தில் யாருக்கும் கண் நோய் உண்டா என்று தாளில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் 'இல்லை' என்று நானே போட்டிருந்தேன்.

அந்த டெர்மினை அப்பா போன் அடித்து நிற்பாட்டினார். "என்ர பிள்ளை பாத்தவள். பேந்தென்ன டொக்டர்?"

இரண்டு வருடம் போனது. வானின் பக்கக் கண்ணாடியை இரண்டு தரம் சுவரோடு உரசினார். படியில் ஒருதரம் தவறி விழுந்தார். "வயசு போகுதெல்லே" என்று நாங்கள் பகிடி பண்ணினோம். கண் படிக்கிற நானும் சேர்ந்து பகிடி பண்ணினேன். போன ஐப்பசியில் வலப்பக்கம் திரும்பும்போது சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டார். அவளுக்குத் தோள் எலும்பு உடைந்துபோனது, உயிருக்கு ஒன்றுமில்லை. அப்பா தெருவோரத்தில் குந்தியிருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதாராம்.

"அவ எங்கையிருந்து வந்தவ எண்டே தெரியேல்லை பிள்ளை. வானத்திலையிருந்து விழுந்த மாதிரி."

போனில் என்னிடம் சொன்னது இது. பக்கத்திலிருந்து வருகிற ஆள் வானத்திலிருந்து விழுந்த மாதிரித் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

கண் டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்காவது வெளிச்சப்பொட்டுத் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பார்வை எவ்வளவு அகலத்துக்கு இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். நான் பின்னால் இருந்து பொத்தானின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் நாலைந்து வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை.

"மெஷின் பழுது போலை கிடக்கு" என்றார் அப்பா தலையை எடுக்காமல். "வெளிச்சமே வரேல்லை பிள்ளை."

"பாத்துக்கொண்டிருங்கோ அப்பா" என்றேன்.

அழுத்தம் வலது முப்பத்துநாலு, இடது முப்பத்தொன்று. குளுக்கோமா. சுற்றிவரப் பார்வை போய், நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம். அந்த வட்டத்தை வைத்துக்கொண்டுதான் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை வாசித்திருக்கிறார். இனி வான் ஓடக்கூடாது என்று டொக்டர் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். "கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" என்று கேட்டார். அப்பா பேர்ஸைத் திறந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். "மைனே டொக்டர்" என்று என்னைக் காட்டினார், என் மகள் என்று. இந்த நாட்டுப் பாஷையில் மகளுக்குச் சொல்கிற சொல் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

அந்தப் பெண் டொக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முதல் பதினாறு என்றால், குடும்பத்திலும் நோய் இல்லை என்றால், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு சேதம் வருவது வழமை இல்லை என்றார். சொட்டு மருந்தை இன்றே தொடங்குவோம், ஆனால் தலைக்குள் கட்டி ஏதும் நரம்பை அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் இதே துறைதானே? இந்த அளவு நம்பகமானதுதானே?" என்று கேட்டார்.

வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். பட்டம் கிடைக்க இன்னும் நாலு மாதம். பதிவுத்தாளில் பொய் எழுதினது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யா" என்றேன், ஓம் என்று. என் வாய் புழுத்திருக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு டெர்மின் கிடைத்தது ஐந்து கிழமைக்குப் பிறகு. அந்த ஐந்து கிழமையும் அம்மா செத்துப் பிழைத்தார். ஒருநேரச் சாப்பாடு, முழங்காலில் செபமாலை, கெவலார் மாதா கோயிலுக்கு நடந்துபோய் மெழுகுதிரி ஏற்றுவேன் என்று நேர்த்திக்கடன். அதற்குள் ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"அப்பவே நான் எடுத்துத் தந்த டெர்மினுக்குப் போயிருக்கலாமெல்லே இந்த மனிசன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று ஏசினார். பிறகு தானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யிறது, அப்ப ஒண்டும் இருக்கேல்லைத்தானே. நீ பாத்தனிதானே. இது இப்ப தலைக்குள்ளை வந்த ஏதோ ஒண்டு" என்றார்.

அவருக்கு அப்படி ஓர் ஆறுதலைக் கொடுத்ததும் என் பொய்தான், அப்படி ஒரு பயத்தைக் கொடுத்ததும் என் பொய்தான். அன்றுதான் எனக்கு என்னைப் பார்க்க அருவருத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வேலைக்குப் போன பிறகு, குசினியில் அப்பாவைக் கதிரையில் இருத்தி மருந்து விட்டேன். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டுவிட்டு இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் கண் மூடியிருந்தபடியால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"அப்பா, தலைக்குள்ளை ஒண்டும் இல்லை. அண்டைக்கு நான் அழுத்தம் அளக்கேல்லை. சும்மா எழுதினனான்."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தக் காத்து ஊதிற மெஷினிலை நான் இருக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாதே? எனக்குப் பக்கத்திலை இருந்துதானே எழுதினனி."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"ஏன் கேப்பான்? வான் சத்தத்தைக் கேட்டே நான் என்ன பழுது எண்டு சொல்லுவன். அது மாதிரி நீ கண்ணைப் பாத்தே சொல்லுறாய் எண்டு நினைச்சன். உனக்கு மெஷின் தேவையில்லை எண்டு கோயிலிலை எல்லாருக்கும் சொன்னனான்."

ஐயோ மாதாவே. என்னை ஏசியிருக்கலாம், ஓங்கி ஒரு அறை அறைந்திருக்கலாம். நிலத்தில் இருந்து, அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாளைக்கே டொக்டரிடம் சொல்கிறேன், யூனிவேர்சிற்றியிலும் சொல்கிறேன், படிப்பை விடுகிறேன் என்றேன்.

"டொக்டரிட்டைச் சொல்லு. கொம்மா பாவம், கட்டியெண்டு பயந்து சாகிறாள்" என்றார். "மற்ற இடத்திலை வாய் திறக்காதை. என்னாலை இனி வான் ஓடேலாது. நீயும் படிப்பை விட்டால் இந்த வீட்டை ஆர் பாக்கிறது?"

அவ்வளவுதான். எனக்குத் தண்டனைகூட இல்லை. அந்த வேலையையே நான் வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டும். வருகிறவர்களின் தாடையைப் பிடித்து வைத்து, நம்பர் எழுதி, 'நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டும்.

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. அப்பா கண்ணைத் திறந்து, சுவரில் நாள்காட்டியைப் பார்த்தார், பிறகு குனிந்து என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இந்த மருந்தை ஒழுங்கா விட்டுக்கொண்டு வந்தா, போனது திரும்பி வருமோ?"

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். கருவி தேவையில்லை, புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு முறையாவது உண்மையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

"வராது அப்பா. மிச்சம் இருக்கிறதைத்தான் காப்பாத்தலாம்."

அப்பா மருந்துப் போத்தலின் மூடியைத் தடவித் தடவி எடுத்து, இறுக்கி மூடினார்.

"எதுக்கும் டொக்டரிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்றார்.

நான் சொன்ன ஒன்றை அப்பா இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்க நினைத்தது அதுதான் முதல் தடவை.