குளுக்கோஸ் போட்ட கூழ்

மூன்று வாரமாகப் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள்தான். வர வேண்டியதோ நீலம். பால் சர்க்கரை கிடைத்தால் பாக்டீரியா அதைச் செரிக்கிற மரபணுவைத் திறக்கும். திறந்தால் தட்டில் கலந்திருக்கும் சாயப்பொருள் நீலமாகும். ஆராய்ச்சி மாணவிக்கு வேண்டியது அவ்வளவுதான். நீலம் நீலம் என்று புலம்பியே ஆய்வகத்தில் அவளுக்கு 'நீலி' என்று பெயர் விழுந்துவிட்டது. நிம்மதியாக அழக்கூட முடியவில்லை. "நீலிக்கண்ணீர்" என்று சிரித்தார்கள்.

கிருமியை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், சூட்டுப்பெட்டி மேல் பழி போட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை காலை, பாக்டீரியாவுக்கு உணவு காய்ச்சும் அறைக்குள் எதேச்சையாக நுழைந்தாள். இருபது வருடமாக அதையே காய்ச்சிக் 'கூழ்க்காரர்' என்று பட்டம் வாங்கியவர், ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைக் கைநிறைய அள்ளிப் பாத்திரத்தில் போட்டார்.

"என்னண்ணே அது?"

"குளுக்கோஸ்மா. வெறும் பால் சக்கரையில அதுங்க எப்படிப் பிழைக்கும்? போன மாசம் பார்த்தேன், ஊசிமுனை மாதிரி மெலிஞ்சு கிடந்துச்சுங்க. மனசு கேக்கல."

நீலி அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, குளுக்கோஸ் இருந்தா அதுங்க பால் சக்கரை பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. அந்த மரபணுவை இழுத்துச் சாத்திடும்."

"அட, என் மச்சான் மாதிரியே! மாமனார் வீட்டுச் சோறு தீருற வரைக்கும் வேலை தேட மாட்டான்."

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அன்றே அவரை இரண்டு பாத்திரம் காய்ச்சச் சொன்னாள்: ஒன்று குளுக்கோஸோடு, ஒன்று இல்லாமல். வெள்ளிக்கிழமை ஒரு தட்டு வெள்ளை, மற்றது பளிச்சென்று நீலம்.

பேராசிரியரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கூழ்க்காரர் கதவோரம் கைகட்டி நின்றார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஒப்பீடு பிரமாதம். ஆனா கையளவெல்லாம் ஆராய்ச்சியில எழுத முடியாது. தராசுல போடுங்க" என்றார்.

கூழ்க்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டப்பாவைக் கொண்டுவந்து ஐந்து முறை அள்ளிப் போட்டார். ஐந்து முறையும் தராசு நாற்பது கிராம் காட்டியது.

பேராசிரியர் தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு நீலியிடம் சொன்னார்: "நாற்பதுன்னு எழுதிக்கம்மா."