இருநூற்றுப் பதினான்காம் இடம்

விவாகரத்து ஆகி ஒன்பது வருடம் ஆகிறது. இன்னமும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பதினொரு நாள், முன்னாள் கணவனின் குடும்பத்தோடு ஒரே இடத்தில் சமைத்து, சாப்பிட்டு, ஈ விரட்டிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்கென்ன, சிரிப்பார்கள்.

எல்லாம் அந்த 214ஆம் இடத்தால் வந்த வினை. அயோவா மாநிலப் பொருட்காட்சி மைதானத்தை ஒட்டிய குன்றில், ட்ரெய்லர் வண்டியை நிறுத்தித் தங்கும் இடம். ஷ்ரேடர் குடும்பம் ஐம்பது வருடமாக அங்கேதான் முகாம் போடுகிறது. இடம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் முதல் நாள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு, கடைசி நாள்வரை தங்க வேண்டும். ஒரு வருடம் தவறினால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். என் மாமனார் இறந்த வருடம், எல்லோரும் பன்றிக் கொட்டகையில் மும்முரமாக இருக்க, அலுவலக வரிசையில் நின்றவள் புது மருமகளான நான். என் பெயரை எழுதிவிட்டார்கள். ரத்த சொந்தத்துக்கோ கணவனுக்கோதான் பெயரை மாற்றலாமாம். விவாகரத்துக் கூத்தில் இது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தபோது, கணவனாக இருந்த கர்ட் சட்டப்படி எனக்கு அந்நியன். மகள் ஹேலிக்கு ஒன்பது வயதுதான்; பதினெட்டு ஆகாமல் அவள் பெயருக்கு மாற்ற முடியாது.

அன்றிலிருந்து இந்தக் கொடுமை. போட்டியில் ஜெயித்த பெரிய பன்றியின் முன்னால் குடும்பப் படம் எடுப்பது இவர்கள் வழக்கம். மாமியார் லவோன் என்னைப் பிடித்து கர்ட் பக்கத்தில் நிறுத்துவாள். அவனுடைய இப்போதைய மனைவி மிஸ்ஸி, பன்றிக்குப் பக்கத்தில் நிற்பாள். காலையில் நான் காபி போட்டால், "இது காபியா, கழனித்தண்ணியா ட்ரூடி?" என்பாள் மாமியார். இரண்டு கோப்பை குடித்துவிட்டுத்தான் சொல்வாள். அதை வைக்கும் மடக்கு மேசைக்கு ஒரு கால் குட்டை, தொட்டாலே தளும்பும். சரி செய்யுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

இந்த வருடம் எனக்கு விடிவு காலம். ஜூனில் ஹேலிக்குப் பதினெட்டு முடிந்தது. முதல் நாள் காலையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு அலுவலக ஜன்னலை அடைந்தேன்.

"எம் பொண்ணு பேருக்கு மாத்தணும். பதினெட்டு ஆயிடுச்சு."

"யார் பேருக்கு வேணும்னாலும் மாத்தலாமேம்மா," என்றாள் உள்ளே இருந்த பெண். "அந்தப் பழைய விதியை எடுத்து ஆறு வருஷம் ஆச்சு. எல்லாருக்கும் கடிதம் போட்டோமே!"

"எனக்கு வரலியே?"

கணினியைப் பார்த்து விலாசத்தைப் படித்தாள். பண்ணை வீட்டு விலாசம். நான் விட்டு வந்த வீடு. அங்கே இருப்பது மாமியார் ஒருத்திதான்.

"பன்னெண்டு மணிக்குள்ள படிவத்தைக் குடுத்துடுங்க. இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு மூச்சிரைக்கக் குன்றேறினேன். மாமியார் அந்த மடக்கு மேசை முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடிதம் வந்துச்சா, இல்லியா?"

"எந்தக் கடிதம்?"

"அத்தை!"

"வந்துச்சு," என்றாள், கிழங்கைப் பார்த்தபடியே.

"ஆறு வருஷம்! என் லீவு பூரா இங்கயே போச்சு. உங்க புள்ளையும் அவளும் கொஞ்சுறதைப் பாத்துக்கிட்டு, வருஷா வருஷம் அந்தப் பன்னி முன்னால பல்லைக் காட்டிக்கிட்டு... மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"மிஸ்ஸி பேருக்கு மாத்தியிருந்தா நீ வருவியா?"

"நான் எதுக்கு வரணும்? நான் யாரு உங்களுக்கு?"

சீவுவது நின்றது.

"உன்னை விட்டது அவன்," என்றாள். "நான் எப்ப விட்டேன்?"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இந்தக் கிழவியின் முன்னால் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

"அழுறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. கிழங்குல விழுது."

மணி பதினொன்றே முக்கால். அலுவலகம் குன்றின் அடியில்தான், ஓடினால் ஐந்து நிமிடம். கையில் இருந்த படிவத்தைப் பார்த்தேன். நாலாக மடித்தேன். குனிந்து, அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் சொருகினேன்.

மாமியார் மேசையை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் லேசா ஆடுதே," என்றாள்.