இரண்டிலிருந்து எட்டு வரை

மாரிராஜ் ஷிப்டுக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை கையுறை மாட்டுவதுதான். ஃப்ரீசர் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும். உள்ளே மைனஸ் இருபது டிகிரி. கார் விளக்கின் கண்ணாடியை ஒட்டுகிற பசையைச் சின்னச் சின்னக் குழல்களில் அடைத்து அங்கேதான் அடுக்கியிருக்கும். எப்போது வந்தது, எத்தனை மணிக்கு வெளியே எடுத்தது, எந்த லைனுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் அவன் சீட்டு ஒட்டுவான். ஆறு வருஷத்தில் ஒரு குழல்கூட அவன் கையில் கெட்டதில்லை. அந்தக் கார் விளக்குக் கம்பெனியில் குளிரில் வைக்கிற சாமான் எதுவானாலும் அவனைத்தான் கேட்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவன் மனைவி ரஞ்சனி அதே கம்பெனியில் கடைசிச் சோதனை மேஜையில் வேலை பார்த்தாள். இவன் சங்கரன்கோவில், அவள் வாலாஜாபாத் பக்கம். லைனுக்குப் பசை கொண்டுபோகிற சாக்கில் பேசிப் பேசி, கல்யாணத்தில் வந்து நின்றது. போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, முடி கொட்டி, திரும்ப முளைத்து, இப்போது கிராப்புத் தலையோடு மறுபடி வேலைக்கு வருகிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடையில் ஓர் ஊசி. மொத்தம் பதினெட்டில் பதினொன்று முடிந்திருந்தது.

அது ஆன்டிபாடி மருந்து என்றும், புற்றுநோய் செல்லின் மேலே இருக்கிற ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் செய்யும் என்றும் டாக்டர் விளக்கியிருந்தார். ஒட்டிக்கொள்ளும் என்ற ஒரு சொல் மாரிராஜுக்குப் போதுமாக இருந்தது. அப்படியானால் நம்ம சங்கதிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

மருந்து ஓரிடம், ஊசி ஓரிடம். இன்சூரன்ஸில் கிடைக்கிற மருந்தை முதல்நாள் காஞ்சிபுரத்தில் வாங்கி வைத்திருந்து, மறுநாள் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எப்போதும் ரஞ்சனியே போய் வாங்கி வருவாள். பன்னிரண்டாவது ஊசிக்கு அவளுக்குக் காலை ஷிப்டு, அவனுக்கு வார விடுமுறை. அவன் போனான். கவுண்டரில் இருந்த பெண் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னாள். வீட்டு ஃப்ரிட்ஜோ மாவுக்கும் மோருக்கும் நாளைக்கு இருபது தடவை திறக்கிற ஃப்ரிட்ஜ். அதன் கீழ்த்தட்டை மாரிராஜ் நம்பவில்லை. மருந்தைப் பெட்டியோடு மேலே ஃப்ரீசரில் வைத்து, தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டுச் சீட்டும் ஒட்டினான்.

ஷிப்டு முடிந்து வந்த ரஞ்சனி கீழ்த்தட்டில் தேடினாள். அவன் சிரித்துக்கொண்டே ஃப்ரீசரைத் திறந்து காட்டினான். குப்பியில் மருந்து கல்லாய்க் கிடந்தது. அவள் பெட்டியைத் திருப்பி அவன் முன்னால் நீட்டினாள். இரண்டிலிருந்து எட்டு டிகிரி வரை, உறைய விடக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. ஒரு நாளைக்கு நூறு சீட்டு எழுதுகிறவன் அந்த ஒரு சீட்டைப் படித்திருக்கவில்லை.

ஆனாலும் மாரிராஜைத் தொழில் விடவில்லை. பசையை உருக்குகிற மாதிரியே குலுக்காமல், சூடு காட்டாமல் ஒன்றரை மணிநேரம் வைத்து உருக்கினான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"தண்ணி கெணக்கா தெளிவா இருக்கு பாரு. ஒண்ணும் ஆவல. இத விட்டா அடுத்த மருந்து எப்ப வருமோ தெரியாது, ரஞ்சனி."

அவளுக்கும் அந்தப் பயம்தான். பதினொன்று போட்டு வந்தவளுக்குப் பன்னிரண்டாவது தள்ளிப்போகிறது என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பியை வாங்கிப் பார்த்தாள்.

"பாக்க நல்லாக்கீதுன்னு நான் இன்னிக்கி வரைக்கும் ஒரு பீஸ வுட்டுக்கீறனா? கார் லைட்டுக்கே வுட மாட்டேன். என் ஒடம்புக்கு வுடுவனா?"

யூனிபார்ம் பையில் கிடந்த சிவப்பு அட்டையை எடுத்தாள். கழித்த சாமானில் கட்டுகிற அட்டை அது. அதைக் குப்பியின் கழுத்தில் கட்டிவிட்டு, முகம் கழுவப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நர்ஸ் சொர்ணம்மாள் அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. உறைந்தால் உள்ளே இருக்கிற புரதம் கெட்டுப்போகும், கட்டி தட்டும், கண்ணுக்குத் தெரியாது, வேலை செய்யாமலும் போகலாம், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்றார். மறைக்காமல் கொண்டுவந்து காட்டியதற்காக ரஞ்சனியின் தோளில் தட்டிக்கொடுத்தார். டாக்டர் புது மருந்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் தள்ளலாம், அதற்கு மேல் இழுக்காதே என்றும் சொன்னார்.

அந்த ஒரு வாரமும் மாரிராஜ் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை தப்பு நடக்கக் கூடாது. அவர்கள் தெருவிலோ நினைத்த நேரத்துக்குக் கரண்ட் போகும். கம்பெனியின் மருத்துவ அறையில் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. கதவிலேயே டிகிரி காட்டும், ஜெனரேட்டர் இணைப்பும் உண்டு. ஒரே ஒரு ராத்திரி அதில் வைத்துக்கொள்ள விடுங்கள் என்று எச்.ஆர். அதிகாரி இளம்பரிதியிடம் இரண்டு பேருமாகப் போய்க் கேட்டார்கள். அவர் உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டு, தொழிலாளியின் சொந்த மருந்துக்குக் கம்பெனி பொறுப்பேற்க முடியாது, ரூல் அப்படி என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"சர்தான், நம்ம பொருள நாமளே பாத்துக்கலாம் வாய்யா" என்று ரஞ்சனி எழுந்துகொண்டாள்.

பார்த்துக்கொண்டார்கள். புது மருந்தை வாங்கிய அன்று மாரிராஜ் மீன்தொட்டிக்கு விற்கிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்தான். மருந்து கீழ்த்தட்டில், நடுவில், சுவரில் படாமல் இருந்தது. மணிக்கு ஒருதரம் டிகிரி பார்த்துக் காலண்டரின் பின்பக்கம் எழுதினான். விடிகாலையில் கரண்ட் போனபோதும் பதறவில்லை. ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி, மருந்து அவற்றில் ஒட்டாதபடி ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். தெர்மாமீட்டர் ஐந்து காட்டியது.

ஊசிக்காக இரண்டு பேரும் அன்றைக்கு லீவு போட்டிருந்தார்கள். எட்டு மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போக ஷேர் ஆட்டோ பார்த்து நின்றார்கள். வந்ததெல்லாம் நிறைந்து வந்தது. அப்போதுதான் சூப்பர்வைசர் ஜீவானந்தம் போன் செய்தார். பசை ஃப்ரீசர் மக்கர் பண்ணுகிறது, மைனஸ் பன்னிரண்டுக்கு ஏறிவிட்டது, இன்னும் ஏறினால் பசை மொத்தமும் குப்பை, லைன் நின்றுவிடும், உடனே வா என்றார். லீவு என்றான் மாரிராஜ். எங்கே நிற்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

எட்டே நிமிஷத்தில் கம்பெனியின் ஏ.சி. கார் வந்து நின்றது. வீட்டுக்காரியை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போகலாம், கால்மணி நேரம்தான் என்று மாரிராஜ் கெஞ்சினான். டிரைவர் ஐயனார் நல்ல மனுஷன், போன் போட்டுக் கேட்டும் பார்த்தார். போனை வைத்துவிட்டு ரஞ்சனியின் முகத்தைப் பார்க்காமல், நேரே கம்பெனிக்கு வரச் சொல்கிறார்கள் என்றார்.

"நீ போய்யா. இன்னிக்கி போவலன்னா நாளைக்கி கேட்டுலயே நிக்க வெச்சிருவாங்கோ. என் மருந்த நான் பாத்துக்கறேன்."

கார் கிளம்பியது. திரும்பிப் பார்த்தபோது அவள் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, ஐஸ் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு நாலாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

மாரிராஜ் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். ஃப்ரீசர் மூடியின் ரப்பர் கிழிந்திருந்தது. ஒவ்வொரு குழலாகப் பக்கத்து ஃப்ரீசருக்கு மாற்றினான். அவசரத்தில் கையுறை நழுவி இரண்டு விரல் மரத்துப்போனது. பதினொன்றரைக்கு எல்லாம் மைனஸ் இருபதுக்கு வந்தது. ஒன்றும் கெடவில்லை. இளம்பரிதியே நேரில் வந்து கைகொடுத்தார். விரலைப் பார்த்துவிட்டு மருத்துவ அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். கதவில் நான்கு டிகிரி காட்டிய ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே நான்கு தட்டிலும், கம்பெனியைப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்கான ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார்.

அவன் பையில் போன் துடித்தது. ரஞ்சனி ஒரு படம் அனுப்பியிருந்தாள். சொர்ணம்மாளின் கையில் மீன்தொட்டித் தெர்மாமீட்டர், அதில் ஏழு. கீழே, போட்டாச்சு, நல்லா இருக்கேன் என்று எழுதியிருந்தாள்.

குடிங்க, ஜில்லுனு இருக்கு என்றார் இளம்பரிதி. பாட்டில் வேர்த்து, மரத்த விரல்களின் வழியே தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாரிராஜ் மூடியைத் திறக்கவில்லை.