அணில் ஜோடி

அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி, பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் தையல்காரி. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மரம் ஏறப் போனார்கள். பழம் பறிக்க இல்லை, விறகு வெட்டவும் இல்லை. சும்மா ஏறி, உயரத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி குடித்துவிட்டு இறங்குவார்கள். தெருவில் அவர்களுக்கு ‘அணில் ஜோடி’ என்று பெயர்.

விளையாட்டுதான் என்றாலும் அவர் அதில் விளையாடமாட்டார். பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று மரத்தைச் சுற்றிவந்து அண்ணாந்து பார்ப்பார். கயிற்றைக் கிளைமேல் வீசி, தன் முழுக் கனத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பார். பெரிய கயிற்றை வேறு கிளைக்கு மாற்றும்போது, இடுப்புப் பட்டையிலுள்ள குட்டைக் கயிற்றைத் தண்டைச் சுற்றி மாட்டியாக வேண்டும்.

“ஒண்ணை மாட்டாம இன்னொண்ணைக் கழட்டாதே. நானே சொன்னாலும் கழட்டாதே” என்பார்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, பூங்காவின் பெரிய மரத்தில் அவள் அவருக்குச் சற்றுக் கீழே இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவர் பெரிய கயிற்றைக் கழற்றிவிட்டிருந்தார். குட்டைக் கயிறு மாட்டாமலே தொங்கியது. அதன் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கென்று தெரியாதவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் பதறிவிடுவார்.

“என்னங்க, தண்டைக் கட்டிப் பிடிச்சுக்குங்க. இதோ வரேன்” என்றாள், அடுப்படியிலிருந்து சொல்கிற குரலில்.

மேலே போய் இரண்டு கயிற்றையும் மாட்டி, கூடவே இறக்கிக் கொண்டுவந்தாள். தரையைத் தொட்டதும் மரத்தில் சாய்ந்து அழுதாள்.

“எதுக்குடி அழறே?” என்று கேட்டார்.

மறதி நோய், இனி கூடிக்கொண்டுதான் போகும் என்றார் டாக்டர்.

ஆனாலும் ஞாயிறு வந்தால் காலையிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு, “கிளம்பலாமா?” என்று நிற்பார். முதலில் அவள் உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் அவர் அதைப் புதிதாகக் கேட்டு இடிந்துபோனார். பிறகு, “எனக்கு முழங்கால் வலிங்க” என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அவர் தைலம் தேய்த்துவிடுவார். அதுவும் தாங்கமுடியவில்லை.

“நீயாவது ஏறும்மா. அப்பா கீழேயிருந்து பாக்கட்டும், நான் பாத்துக்கறேன்” என்றாள் மகள்.

அப்படித்தான், ஒரு வருஷம் கழித்து அவள் அதே மரத்தில் ஏறினாள். பாதி உயரத்தில் இருக்கும்போது அவர் பெஞ்சை விட்டு எழுந்து மரத்தடிக்கு வந்தார்.

“யாரும்மா மேல? ஒத்தையாவா வந்தீங்க?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை ‘நீங்க’ என்றதில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இல்லைங்க. வீட்டுக்காரரும் வந்திருக்கார்.”

“எங்க?”

“கீழதான் இருக்கார்.”

“அப்ப சரி. பாத்து இறங்குங்க, பாவம், அவர் பயந்துட்டிருப்பார்.”

முகம் காயட்டும் என்று மெதுவாக இறங்கினாள். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுப் பெஞ்சுக்குப் போனபோது, அவர் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டார். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். அவள் நெருங்கவில்லை. அவர் விட்ட இடத்தில், ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.