சேர்ந்து வராத சூப்

ரோவினா ப்ளெட்சோ நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது டன்மோர் லேண்டிங்கில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் மாநில அரசுதான்.

அரசுக்கும் அதைத் தெரியப்படுத்திவிட்டால், பிள்ளைகளுக்குப் பரிமாறும் ஒவ்வொரு வேளைக்கும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு திட்டம் இருந்தது. பால் விலையும் இறைச்சி விலையும் ஏறிய ஏற்றத்துக்கு, ஒன்று இந்தத் திட்டத்தில் சேர வேண்டும், இல்லை கட்டணத்தைக் கூட்ட வேண்டும். கட்டணத்தைக் கூட்டினால் பாதிப் பேர் பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்த்திவிட்டு வேலைக்குப் போவார்கள். ரோவினா அந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"ரொம்ப சுலபம்ங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

சுலபம் இப்படித் தொடங்கியது. காப்பகத்துக்கு உரிமம் இருக்க வேண்டும், இருந்தது. சுகாதாரச் சான்று வேண்டும், அதுவும் இருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு மாதத்து உணவுப் பட்டியல் வேண்டும். பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் வருமானத்தை எழுதித் தர வேண்டும். டயர் கடை வைத்திருந்த ஒரு தகப்பன் அந்தத் தாளைப் பார்த்ததும் திருப்பி நீட்டினான். "என் சம்பாத்தியத்தக் கேக்கறதுக்கு நீங்க என்ன என் பொண்டாட்டியா? அவகிட்டயே நான் சொன்னதில்ல." அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி எழுதி வாங்கினாள்.

பிறகு பயிற்சி. தலைநகரில் ஒரு விடுதிக் கூடத்தில் நாள் முழுக்க நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பொட்டலத் தின்பண்டங்கள் ஏன் ஆகாது என்று விளக்கியவர், மதியம் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலமும் ஒரு குப்பி சோடாவும் கொடுத்தார். ஊருக்கு உபதேசம். ரோவினா சிப்ஸைத் தின்றுகொண்டே குறிப்பெடுத்தாள்.

கடைசியில், சேர்ப்பதற்கு முன் நேரில் பார்த்துப் போக அலுவலகத்திலிருந்து மிஸ் கார்லிஸ் ஹேவர்ட்டி வந்தாள். மெலிந்த உடம்பு, நேரான முதுகு, முகத்தில் எதுவும் தெரியாது. குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்தாள். ஒரு வயதுக்காரர்களுக்குக் கொழுப்பெடுக்காத பால், இரண்டைத் தாண்டியவர்களுக்குக் கொழுப்புக் குறைந்த பால் என்று தனித்தனியாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்புறம் அடுப்பருகே வந்தாள்.

அடுப்பில் எஸ்ராவின் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. எஸ்ரா ரோவினாவின் கொழுந்தன். அவள் கணவன் இறந்த பிறகு, ஓஹையோ ஆற்றில் ஓடும் இழுவைப் படகு வேலையை விட்டுவிட்டு அண்ணிக்குச் சமையல் செய்ய வந்தவன். படகுக்காரர்களுக்குச் சமைத்த கை. குழந்தைகளுக்கும் அதே மரியாதையோடு சமைத்தான்.

"இதுல என்னல்லாம் இருக்கு?" என்று கேட்டாள் ஹேவர்ட்டி.

"மாட்டிறைச்சி, பீன்ஸ், கேரட், மக்காச்சோளம். இன்னிக்குக் கொஞ்சம் முட்டைக்கோசும்."

"ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கேரட் போகும்?"

எஸ்ரா யோசித்தான். "கரண்டியில வர்ற அளவு."

"அளவு போட்ட சமையல் குறிப்பு இருந்தா இதைக் கணக்குல எடுத்துக்கலாம். ஒவ்வொரு தடவையும் அதே அளவுல செய்யணும்."

"தோட்டமும் ஒவ்வொரு தடவையும் அதே அளவுல காய்க்கணுமே மேடம்."

ரோவினா குறுக்கே வந்தாள். "பெட்டியில வர்ற கோழித் துண்டு மட்டும் ஆகுமாம். பயிற்சியில சொன்னாங்க."

"பெட்டி மேல எல்லாம் அச்சடிச்சிருக்கும். அதை நாங்க நம்புறோம்."

"எங்க கொழுந்தனை நம்ப மாட்டீங்க."

"அவர் மேல ஒண்ணும் அச்சடிக்கலையே" என்றாள் ஹேவர்ட்டி. அது நகைச்சுவையா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டைச் சரிசெய்துகொண்டு கூப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ரோவினா, மேட்டுத் தெருவில் காப்பகம் வைத்திருந்த லூவெல்லா பிரிட்சர்டிடம் யோசனை கேட்டாள். லூவெல்லா திட்டத்தில் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

"அடி போடி, இதுக்கா மண்டைய ஒடைச்சுக்கற?" என்றாள் லூவெல்லா. "பெட்டியப் பிரி. சூடு பண்ணு. தட்டுல வை. தலைய எண்ணிக் குறிச்சுக்கோ. முடிஞ்சுது."

"புள்ளைங்க சாப்பிடுதா?"

"சாப்பிடுதான்னு ஃபாரத்துல எங்கடி கேட்டிருக்கு?"

ரோவினா ஒரு பெட்டி வாங்கிப் பார்த்தாள். கோழித் துண்டு, டப்பாவில் அடைத்த பீச், டப்பாவில் அடைத்த பட்டாணி, ரொட்டி, பால். ஒரு குறை சொல்ல முடியாத தட்டு. பிள்ளைகள் பாலைக் குடித்தார்கள். நாலு வயது ஜூபல் இரண்டு கோழித் துண்டுகளை லாரிகளாக்கி, பட்டாணியை ஏற்றி மேசை முழுக்க ஓட்டினான். எஸ்ரா கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்கூட அவன் முகம் அவ்வளவு சாந்தமாக இருந்ததில்லை.

அத்தனையையும் குப்பையில் கொட்டும்போது ரோவினாவுக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன வயதில் இரவல் மாவில் ரொட்டி சுட்டுத் தின்ற வீட்டில் பிறந்தவள் அவள். கோபம் எஸ்ரா மேல் திரும்பியது.

"ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தா உன் கை தேஞ்சா போயிடும்?"

அவன் உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தான். 'கேரட்: போதும் என்கிறவரை. பீன்ஸ்: அதைவிடக் கொஞ்சம் கூட.'

"உன் அடத்துக்கு நான் கதவைச் சாத்தணுமா எஸ்ரா? ஆத்துல படகு ஓட்டினவனுங்க தின்னுட்டுப் பாராட்டினா போதுமா? இங்க கரண்ட்டு பில்லைப் பாராட்டைக் குடுத்தா கட்ட முடியும்?"

எஸ்ரா தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இரண்டு நாட்கள் இருவரும் உப்பு எங்கே, கத்தி எங்கே என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மறுபடியும் சூப். ஜூபல் தன் கிண்ணத்திலிருந்த கேரட்டை எல்லாம் பொறுக்கி விளிம்பில் வரிசையாக வைத்தான். அடுத்து பீன்ஸ். அடுத்து இறைச்சி. ரோவினா அதட்டப் போனவள், பாதியில் நின்றுவிட்டாள். பிரித்து வைத்தபோது எது எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்தது. உடனே போய் ஹேவர்ட்டியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மேடம், கேரட்டத் தனியா வேகவச்சு, அளந்து, தனிக் கிண்ணத்துல வச்சா கணக்குல வருமா?"

"தாராளமா."

"பீன்ஸும் இறைச்சியும் அப்படியே தனித்தனியா?"

"வரும்."

"மேசைக்கு வந்தப்புறம் புள்ளைங்க அதையெல்லாம் ஒண்ணாக் கொட்டிக்கிட்டா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் புரண்டது. "பரிமாறினதுக்கப்புறம் பிள்ளைங்க என்ன செய்யறாங்கன்னு விதியில இல்ல."

"கூடவே கொஞ்சம் எலும்புச் சாறு ஊத்தினா?"

"சாறு எந்தக் கணக்குலயும் வராது. எங்களைப் பொறுத்தவரைக்கும் அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

எஸ்ராவிடம் சொன்னபோது அவன் முதலில் முறைத்தான். பிறகு மெல்ல அவன் மீசைக்கடியில் சிரிப்பு வந்தது. "செத்துப்போன சூப்பைத் துண்டு துண்டா மேசைக்குக் கொண்டுபோய், அங்க உயிர் குடுக்கச் சொல்றீங்க. சரி அண்ணி."

ஹேவர்ட்டி மறுபடியும் வந்த அன்று மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அளவுக் கரண்டி. பிள்ளைகள் கேரட்டை அள்ளித் தங்கள் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்கள். பீன்ஸ், இறைச்சி, ஆப்பிள், சோள ரொட்டி, பால். ஹேவர்ட்டி ஒவ்வொரு மேசையாக நின்று குறித்துக்கொண்டாள். எல்லாம் சரி. பேனாவை மூடினாள்.

அப்போது எஸ்ரா வெதுவெதுப்பான பாத்திரத்தோடு வந்து ஒவ்வொரு பிள்ளையின் கிண்ணத்திலும் ஊற்றத் தொடங்கினான்.

"என்ன ஊத்துறீங்க?"

"கணக்குல இல்லாதத, மேடம்."

பிள்ளைகள் கலக்கினார்கள். கூடம் முழுக்க வெங்காயமும் எலும்பும் சேர்ந்த மணம் பரவியது. ஹேவர்ட்டி கிண்ணத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சரி போட்டாகிவிட்டது.

"நீங்க சாப்பிடலையா?" என்று ஜூபல் அவளைக் கேட்டான்.

"எனக்கு அனுமதி இல்ல."

"யாரைக் கேக்கணும்?"

ஹேவர்ட்டி தாள்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். காருக்குப் போனவள், கைப்பையிலிருந்து உலர்ந்த ஓட்ஸ் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தபடி வண்டியைக் கிளப்பியதை ரோவினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் கூட.

கோடை முடிவதற்குள் அனுமதி வந்தது. பிள்ளைகள் தாங்களே பரிமாறிக்கொள்வதால் தன்னம்பிக்கை வளர்கிறது, பிற காப்பகங்களுக்கு இது ஒரு முன்மாதிரி என்று அலுவலகம் பாராட்டியிருந்தது. அடுத்த பயிற்சியில் வந்து பேசவும் அழைத்தது. ரோவினா போனாள், பேசினாள், சூப் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து லூவெல்லா எழுதிக்கொண்டிருந்தாள்.

கட்டணத்தைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. கூடியது பாத்திரம்தான். முன்பு பிள்ளைக்கு ஒரு கிண்ணம். இப்போது மேசை மேசையாகக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு கரண்டி. பிள்ளைகள் தூங்கும் வேளையில் எஸ்ரா முழங்கை வரை நுரையோடு தொட்டியில் நின்றான். ரோவினா பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள்.

"சாப்பாட்டுக்குக் காசு குடுக்கறான் சரி. இதைக் கழுவறதுக்கு யார் குடுப்பா?"

"அதுக்குத் தனியா ஏதாவது திட்டம் இருக்கான்னு கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம் அண்ணி" என்றான் எஸ்ரா, அடுத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டே. "இருந்தாலும் இருந்து தொலைக்கும்."