ஒரு ஸ்வெட்டரும் இரண்டு ஆட்டோக்களும்

"அத என்னாத்துக்கு மைக்ல சொன்ன?"

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஸ்வெட்டர."

கிருபாராணி அரிசி களைந்த தண்ணீருக்குள் கையை அப்படியே வைத்திருந்தாள். குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து வந்த ஜோஸ்வின் வாசற்படியில் உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பாமலே ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உங்க பேரயா சொன்னேன்? ஓசூர்ல ஸ்வெட்டர் போடாதவங்க யாரு?"

"மெரூன் கலரு, முழங்கையில பச்ச நூல்ல தச்சது. அத எத்தன பேரு போட்டாங்க? ஷிப்ட் விட்டு கேட்டுல நிக்கிறோம். ஆட்டோ வருது. உங்குரலு. ஃபோர்மேன் ஆஞ்சப்பன் என் தோள்ல கை போட்டு, 'அந்த ஸ்வெட்டர் பையன் நீதானாப்பா'ங்கறாரு. ஃபர்னஸ் ஆளுங்க எல்லாரும் சிரிக்கறாங்க."

"நீங்களும் சிரிச்சிட்டு வந்திருக்கலாம்."

"வந்தேன். சிரிச்சிட்டுத்தான் வந்தேன்."

அவள் அரிசி களைந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள்.

குரல் கொடுப்பது அவள் தொழில். நகைக்கடைத் திறப்பு, மாதா கோயில் தேர்த்திருவிழா, பள்ளிக்கூட அட்மிஷன், காணாமல் போன கறவை மாடு, எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான் ஆட்டோவில் போகும். தமிழில் சொன்னதையே மூச்சு விடாமல் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லிவிடுவாள். பாகலூர் ரோட்டிலிருந்து அந்திவாடி வரைக்கும் ஓட்டுக் கேட்க மூன்று பாஷையும் வேண்டும். அதனால் ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு பக்கத்துக்காரர்களும் அவளிடமே வருவார்கள். எழுதிக் கொடுப்பதைப் படிப்பதோடு சரி. யாராவது குத்திக் காட்டினால், தட்டச்சு செய்கிறவர் கடிதத்துக்குப் பொறுப்பாக முடியுமா என்று கேட்பாள்.

இந்த முறை அந்த வழக்கம் தவறிப்போனது. ஊரில் இந்தத் தேர்தலின் பேச்சே வெயில்தான். ஏரிக்குத் தண்ணீர் வரும் ஓடையை ஒட்டி, ஜோஸ்வின் வேலை செய்யும் இரும்பு உருக்கும் பவுண்டரி புது யூனிட் கட்டப் போகிறது. ஊர் கொதிப்பதற்கு இதெல்லாம்தான் காரணம், ஓடையைத் தொடவிட மாட்டேன் என்று ஜன்னல் சின்னத்தில் நிற்கிறார் முனிலட்சுமி. வெயில் உலகம் முழுக்க அடிக்கிறது, ஓசூரில் ஒரு ஃபாக்டரியை நிறுத்தினால் உலகம் குளிர்ந்துவிடுமா, பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்கிறார் கங்கப்பன். டீக்கடையில் அண்ணன் தம்பிகள் தனித்தனி பெஞ்சில் உட்காரும் அளவுக்கு ஆகிவிட்டது. கங்கப்பன் ஆட்கள் வழக்கம்போலப் பேப்பர் அனுப்பினார்கள், படித்துக் கொடுத்தாள். முனிலட்சுமி மட்டும் ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கு நேரிலேயே வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "எனக்கு எழுத வராது பாப்பா. முன்னாடி இங்க குளிரு இருந்திச்சே, அத நீயே சொல்லும்மா. நீ சொன்னா ஜனங்க கேப்பாங்க" என்றார்.

அவளும் சொன்னாள். மைக் முன்னால் கண்ணை மூடியதும் தானாக வந்துவிட்டது.

"ஞாபகம் இருக்கா ஓசூரு மக்களே? தோச மாவு பொங்காதுன்னு பாத்திரத்துக்குப் போர்வ சுத்தி அடுப்புப் பக்கத்துல வச்சமே. வாயத் தொறந்தா பொக வருதுன்னு பசங்க பீடி குடிக்கிற மாதிரி நடிச்சாங்களே. மார்கழியில ஒரு பொண்ணு ஸ்வெட்டர் இல்லாம நடுங்கினா, மெரூன் கலர் ஸ்வெட்டரு, முழங்கையில பச்ச நூல்ல தச்சது, ஒரு பையன் கழட்டிக் குடுத்தான். அடுத்த தெரு வரைக்கும் அவ, அதுக்கடுத்த தெருவுக்கு அவன். அந்தக் குளிரு எங்க போச்சு? ஜன்னலத் தொறங்க மக்களே."

கன்னடத்திலும் தெலுங்கிலும் குளிருக்கு ஏறக்குறைய ஒரே சொல். அதனால் குரல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அது நடந்தது கல்யாணத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு முந்திய கேரல் பாட்டு ரவுண்ட்ஸில். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வீடு வீடாகப் போனார்கள். பனியில் மலைக்கோயில் முழுதாகக் காணாமல் போயிருந்தது. விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும், அதற்கு அப்பால் ஊரே கிடையாது. அவள் பல் கிட்டிப்போய்ப் பாட்டை விட்டுவிட்டு நின்றபோது, கிட்டார் வைத்திருந்த ஜோஸ்வின் ஒன்றும் பேசாமல் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினான். அதில் அவன் உடம்புச் சூடு மிச்சமிருந்தது. அடுத்த தெருவில் திருப்பிக் கொடுத்தபோது அதில் தன் சூடு இருக்குமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவர்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே வீட்டில் இருந்த பொருள் அது. அதைத்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

ஜோஸ்வின் உள்ளே வந்து தரையில் மல்லாந்து படுத்தான். ஸ்டூல்மேல் டேபிள் ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டு, அவன் பக்கம் வரும்போதெல்லாம் சூட்டைத்தான் தள்ளியது. மேலே சீலிங் மொழுமொழுவென்று கிடந்தது. அவன் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது, ஃபேனுக்குக் கொக்கி விடட்டுமா என்று கேட்ட மேஸ்திரியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாம். மேஸ்திரி மதுரைக்காரராம்.

"அதாவது, குளிரு போனதுக்கு நான்தான் காரணங்கற" என்றான் மேலே பார்த்தபடி.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஆட்டோ சொல்லுதே. ஃபர்னஸ் முன்னாடி நிக்கிறவனப் பாத்து, ஊரு ஏன் சுடுதுன்னு கேட்டா என்னா அர்த்தம்? இந்த ஊருலயே ரொம்பச் சூட்டுல நிக்கிறவன் நான்தான், ராணி."

அவன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"கங்கப்பன் ஆபீஸ்லருந்து. ஆஞ்சப்பன்தான் குடுத்தாரு. நீயே படிக்கணுமாம், உங்குரல்லயே. படிச்சா புது யூனிட்ல பெர்மனென்ட்டுக்கு மொத பேரு என்னுதுன்னாரு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். 'ஸ்வெட்டர் கதை சொல்கிறார்கள் மக்களே. ஒரே ஸ்வெட்டரை இரண்டு பேர் போட்டுக்கொண்டது காதலா? இல்லை. அந்தப் பையனிடம் இன்னொன்று வாங்க வழியில்லை. அது குளிர் அல்ல, இல்லாமை. அந்தக் காலம் திரும்ப வேண்டுமா?'

"எழுதினவன் பொய் எழுதல" என்றான் ஜோஸ்வின். "இல்லாமதான் இருந்தோம். எத்தன வருஷமா காண்ட்ராக்ட்ல கெடக்கறேன்? பெர்மனென்ட் ஆச்சுன்னா ஒரு ஏசி போட்டுக்கலாம். உனக்கும் நல்லா தூக்கம் வரும்."

மறுநாள் சாயங்காலம் அந்தத் தாளோடு இருவரும் ஸ்டூடியோவுக்கு நடந்தார்கள். தாலுகா ஆபீஸ் ரோட்டுத் திருப்பத்தில் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே மாட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல் ஆட்டோவில் அவள் குரல் கெஞ்சியது. கங்கப்பன் ஆட்டோவில் அதே குரல் அதட்டியது. குளிரைக் கொடு என்றாள், குளிர் சோறு போடுமா என்றாள். இரண்டும் கலந்து ஒரு கட்டத்தில் எந்த வார்த்தையும் புரியாமல், அவள் மட்டும் தெருவெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள். பூக்கடைக்காரம்மாள் மாதேஸ்வரி இவர்களைப் பார்த்துவிட்டு, "ஏன் ஜோஸ்வினு, வீட்லயும் இப்படி ரெண்டு பக்கமும் இவளேதான் பேசுவாளா? உனக்கு முறையே வராதா?" என்றாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோஸ்வினும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் நேற்று கேட்டில் சிரித்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஸ்டூடியோ என்பது மொபைல் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரெக்கார்டிங் செய்யும் பையன் அஜித்குமாரின் கம்ப்யூட்டரும்தான். அறை முழுக்க ஏசியை வைத்து நன்றாகக் குளிர வைப்பான். ஏசியின் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால், பேசப்போகும்போது நிறுத்திவிடுவான். அடைத்துவைத்த குளிர் தீர்வதற்குள் பேசி முடிக்க வேண்டும். அப்புறம் வியர்த்து, மூச்சு குரலில் ஏறிவிடும்.

ஜோஸ்வின் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவன் வாசலிலேயே நின்றான். நெருப்புப் பொறி பட்டுத் தழும்பேறிய அவன் முன்னங்கையில் மயிர் குத்திட்டு நின்றது. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தான். மெரூன் நிறம் வெளுத்துச் செங்கல்லாகியிருந்தது. முழங்கையில் பச்சை நூல்.

"இது இங்கயா இருக்குது?"

"இங்கதாங்க இதுக்கு வேல இருக்குது" என்றாள் அவள். அன்றைக்கு முனிலட்சுமி எதிரில் கண்ணை மூடியபோதும் இதைத்தான் போட்டிருந்தாள்.

அவன் அதன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டான். வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மடிப்பைப் பிரித்துத் தாளை ஸ்டாண்டில் வைத்தாள். ஏசி ஒரு முனகலோடு நின்றது.

"ரெடிக்கா" என்றது ஹெட்ஃபோனில் அஜித்குமாரின் குரல். "குளிரு இருக்கும்போதே முடிச்சிருங்க."

'ஸ்வெட்டர் கதை' என்ற முதல் இரண்டு சொற்களில் அவள் கண் நின்றது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி படிந்திருந்தது. அதில் ஜோஸ்வின் முகம் தெரியவில்லை, ஒரு உருவம்தான் தெரிந்தது, முன்பொரு நாள் விளக்கு வட்டத்தின் ஓரத்தில் தெரிந்த மாதிரி. ஓரங்களிலிருந்து அந்தப் பனி மெல்லக் கரையத் தொடங்கியிருந்தது. உருவம் குனிந்து, அஜித்குமாரின் மேசையிலிருந்த மைக்கின் பொத்தானை அழுத்தியது. ஹெட்ஃபோனில் முதலில் மூச்சு கேட்டது.

"ராணி, பேப்பர அப்புறம் படிக்கலாம். அன்னைக்கு ஆட்டோவுல சரியா கேக்கல, எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அந்தப் பழச ஒருவாட்டி சொல்லேன். எனக்கு மட்டும்."