பூட்டுக்காரி

'ஆயா எஸ்கேப்' என்ற கார்ட்டூன் படத்தை நீங்களும் போனில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். மூன்று கிழவிகள் சுவரேறிக் குதித்து, டாக்டரை ஏமாற்றி, ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திப் போய் ஜாங்கிரி தின்கிறார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு, இடுப்பில் சாவிக்கொத்தும் கோணல் மூக்குமாக ஒரு மருமகள் ஓடி வந்து சாணியில் விழுகிறாளே, அது நான்தான். பெயர் ரேவதி. செவிலிமேட்டில் பஸ் ஸ்டாப்புக்கு எதிர் வீடு.

படம் எடுத்தவன் என் கொழுந்தன் அஜித். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பொம்மை வரைகிறான். படத்தின் தலைமைக் கிழவி அவனைப் பெற்ற அம்மா, என் மாமியார் அலமு. பேச்சு, நடை, மூக்குத்தி எல்லாம் அப்படியே அத்தைதான்.

ஒன்றே ஒன்று மட்டும் வேறு. பொம்மைக் கிழவிக்குக் காலில் பத்து விரலும் இருக்கிறது. அத்தைக்கு வலது கால் கட்டைவிரல் கிடையாது. சர்க்கரை வியாதியில் போன வருஷம் எடுத்துவிட்டார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. "இனிமேலும் வாயைக் கட்டலேன்னா, அடுத்தது கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரும்மா" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தானே. என் வீட்டுக்காரர் வரதராஜனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அஜித்துக்கு அம்மாமேல் பாசம் வைப்பது மட்டும்தான் வேலை.

அத்தைக்கு வாயைக் கட்டத் தெரியாது. கேட் திறந்திருந்தால் நொண்டிக்கொண்டே டீக்கடைக்குப் போய்ப் பாதுஷா தின்றுவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்தபடி வந்து "நான் எங்கமா போனேன்?" என்பார். அதனால் கேட்டைப் பூட்டினேன். ஆமாம், பூட்டினேன். இப்போதும் அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

படம் வந்ததும் ஊருக்கே அத்தைமேல் அன்பு பொங்கிவிட்டது. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். 'என் செல்ல ஆயா.' 'எங்க ஆயா ஞாபகம் வந்து அழுதுட்டேன்.' படத்தில் பூட்டுக்காரி என்று பெயர் வாங்கிய எனக்கும் எழுதியிருந்தார்கள். 'பூட்டுக்காரி நாசமாப் போவா.' 'இவள செருப்பாலேயே அடிக்கணும்.' அழுத புண்ணியவான்கள் தங்கள் ஆயாவைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

அன்பு போனோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அஜித் படத்தில் ஊர்ப் பெயரையும் போட்டிருந்ததால் வீடு தேடி வந்தது. பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே டவுன் பஸ் ஏறி வந்து, "கார்ட்டூன் ஆயா வீடு எது?" என்று விசாரித்து, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு கேட்டில் நின்றார்கள்.

"வேணாம்பா, அவங்களுக்குச் சக்கர."

"பெருமாள் பிரசாதம்மா, வேணாம்னு சொல்லலாமா?"

அங்கேதான் என் கை கட்டுண்டுபோகும். எங்கள் வீட்டில் பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னவர் கிடையாது. கண்ணில் ஒற்றி வாங்கிவிட்டால் தின்று தீர்க்க வேண்டும், கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. அத்தைக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளேயிருந்து குரல் வரும். "வாங்கிக்கினு வாம்மா, பாவம், எங்கேர்ந்தோ வந்துக்கிறாங்க."

வாங்கினேன். கேட்டருகிலேயே நின்று நானே தின்றேன். அத்தை எழுந்து வருவதற்குள் தொன்னையை வழித்து நக்கினேன். என் ரவிக்கையெல்லாம் பிதுங்க ஆரம்பித்தது. நெய் வாசனை வந்தாலே குமட்டியது. அதையும் எவனோ படமெடுத்துப் போட்டுவிட்டான். 'ஆயாவுக்கு வந்த பிரசாதத்தைப் பிடுங்கித் தின்னும் நிஜப் பூட்டுக்காரி.' கார்ட்டூனைவிட இதை அதிகம் பேர் பார்த்தார்களாம். அஜித்தே போன் பண்ணிச் சிரித்துக்கொண்டு சொன்னான், வெட்கங்கெட்டவன்.

"செம ரீச் அண்ணி! ஞாயித்துக்கெழம ஃபேன்ஸ் கொஞ்சம் பேர இட்டுக்கினு வரேன். அம்மாவ நேர்ல பாக்கணும்னு உயிர வுடறாங்க."

"அம்மா கால நீ எப்பப்பா பாத்த?"

"டெய்லி வீடியோ கால்ல பாத்துக்கினுதானே இருக்கேன்."

வீடியோ காலில் முகம்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையக் கூட்டம். அத்தை பட்டுப்புடவை உடுத்தி, கொசுவத்தை இழுத்துப் புண்ணுக்குப் போட்ட கட்டை மறைத்துக்கொண்டு, நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். சிம்ரன் என்று ஒரு காலேஜ் பெண் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சினாள். "ஆயா, ப்ளீஸ், அந்த டயலாக்!"

"பூட்டு உன்னுதுடி, காலு என்னுது!" என்றார் அத்தை. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டினார்கள்.

அந்தப் பெண் தொன்னையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள். அத்தை கண்ணில் ஒற்றி, ஒரு உருண்டை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். "ஐயே, பூட்டுக்காரி!" என்று கூட்டம் ஊளையிட்டது. எல்லாப் போனும் என் பக்கம் திரும்பியது.

"ஒரு வாய்தானே அண்ணி? எல்லாரும் பாக்கறாங்க, வுடுங்க" என்றான் அஜித்.

உள்ளே போய் மருந்துத் தண்ணீர்க் கிண்ணத்தையும் பஞ்சையும் கொண்டுவந்து வைத்தேன். அத்தையின் காலை முக்காலியில் தூக்கி வைத்துக் கட்டை அவிழ்த்தேன். அவர் தடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"கட்டு மாத்தற நேரம் அஜித்து. இன்னிக்கு நீ மாத்து. மாத்திட்டு உங்கையாலயே ஊட்டு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

நாற்றம் எழுந்தது. சிம்ரன் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அஜித் ஓர் அடி முன்னால் வந்தான். புண்ணைப் பார்த்தான். ஓங்கரித்து, வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

"மூடுங்க அண்ணி... ப்ளீஸ், மூடிடுங்க."

நான் அவனைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தேன். அத்தை அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த உருண்டையைத் திரும்பத் தொன்னையில் வைத்தார். இவ்வளவு பேர் முன்னால் அவிழ்த்திருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

"டேய், இங்க வா" என்றார் அத்தை.

வந்தான். பார்வை மட்டும் ஃபேன்மேல் இருந்தது. அத்தை தொன்னையை அவன் கையில் திணித்தார்.

"பிரசாதம். வேணாம்னு சொல்லக் கூடாது. வெளிய நின்னு துன்னுட்டுப் போ." பிறகு என்னிடம் சொன்னார். "ரேவதி, எல்லாரயும் அனுப்பிட்டு கேட்ட பூட்டு."

"தம்பி?"

"அவனயுந்தான்."

கூட்டத்தை நான் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அஜித் மட்டும் கேட்டுக்கு வெளியே தொன்னையோடு நின்றான். அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதான், கீழே கொட்ட முடியவில்லை. ஒரு வாய் போட்டு, விழுங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வர நின்றான். பஸ் ஸ்டாப்பிலிருந்து யாரோ அதையும் போனில் எடுத்தார்கள். நான் பூட்டைப் போட்டேன்.

"நல்லா இழுத்துப் பாத்தியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அத்தை.

"பாத்தேன்."

"அப்ப வந்து கால கட்டுமா. எரியுது."